பூஞ்சையும் புற்றுநோயும்: சொத்தைக் கடலையில் ஒளிந்திருக்கும் ஒரு வரலாறு (நீள் இழை)

1/
போன வாரம் ஓபியில் நல்ல கூட்டம். ஸ்ரீரங்கத்திலிருந்து அம்மாவை அழைத்து வந்திருந்த ஒரு தம்பி, செல்போனை என் முன்னால் நீட்டினார். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ரெண்டு கீமோ முடிஞ்சிருக்கு. வீடியோவில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்: புற்றுநோய் என்பது வெறும் பூஞ்சை, சமையல் சோடா கொடுத்தால் கரைந்துவிடும். "மூணாவது கீமோ வேண்டாம்னு அம்மா சொல்றாங்க சார். இது உண்மையா?"

2/
நிறுத்தவே கூடாது என்று சொல்லி அனுப்பினேன். அம்மா தலையாட்டினார். தம்பி மட்டும் வாசலில் நின்று, "அப்போ பூஞ்சைக்கும் கேன்சருக்கும் சம்பந்தமே இல்லையா சார்?" என்றார். இல்லைன்னு சொல்லியிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். ஆனா அது உண்மை இல்லை. சம்பந்தம் இருக்கு. வீடியோ காட்டுற இடத்துல இல்லை, அவ்வளவுதான். பின்னால் வரிசை நின்றது. அன்றைக்குச் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். நீளம் அதிகம், பொறுமையா படிங்க.

3/
முதலில் ஒன்று. நான் எம்.பி.பி.எஸ். புற்றுநோய் நிபுணர் இல்லை. இது சிகிச்சைக் குறிப்பு இல்லை, வரலாறு. உங்க வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடந்துக்கிட்டிருந்தா, முடிவுகளை அவங்களைப் பார்க்கிற டாக்டரோட பேசி எடுங்க. என் இழையைப் பார்த்தோ, எவர் வீடியோவைப் பார்த்தோ எடுக்காதீங்க.

4/
"புற்றுநோய் = பூஞ்சை" என்பது வாட்ஸ்அப்பில் பிறந்த கதை இல்லை. 130 வருஷத்துக்கும் மேல் பழசு. 1890. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வில்லியம் ரஸ்ஸல் என்ற மருத்துவர், புற்றுக்கட்டிகளை மெல்லிசாகச் சீவி, ஃபுக்சின் என்ற சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். செல்களுக்குள் பளிச்சென்று சிவப்பு உருண்டைகள். ஈஸ்ட் மாதிரியான பூஞ்சை என்று நினைத்தார். புற்றுநோய்க்கே உரிய கிருமி இதுதான் என்று அறிவித்தார்.

5/
அவரைக் கிண்டல் பண்ண வேண்டாம். அந்தக் காலத்தை யோசிச்சுப் பாருங்க. 1882-இல் காச நோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடிக்கிறார். அடுத்த வருஷம் காலரா. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கிருமி சிக்கிக்கொண்டே இருந்த பத்தாண்டு அது. புற்றுநோய்க்கும் ஒன்று இருக்கும் என்று எதிர்பார்த்தது நியாயம்தான். அடுத்த சில வருஷங்கள் ஐரோப்பாவில் பல ஆய்வகங்கள் "புற்றுநோய் ஈஸ்ட்"டைத் தேடின.

6/
பிறகு என்ன ஆச்சு? அதே சிவப்பு உருண்டைகள் புற்றுநோயே இல்லாத இடங்களிலும் தெரிய ஆரம்பித்தன. நாள்பட்ட அழற்சி இருக்கும் எந்தத் திசுவிலும் அவை இருந்தன. கடைசியில் தெரிந்தது: அவை பூஞ்சையே இல்லை. நம் உடலின் பிளாஸ்மா செல்கள் தயாரிக்கும் எதிர்ப்புப் புரதம், வெளியே போக முடியாமல் செல்லுக்குள்ளேயே தேங்கி உருண்டு நிற்பது. இன்றும் அதற்கு "ரஸ்ஸல் உருண்டைகள்" என்றுதான் பெயர். இரண்டாம் வருஷ நோயியல் தேர்வில் எங்களைக் கேட்பாங்க.

7/
ஆக, ஒரு மனிதர் தப்பாகப் புரிந்துகொண்ட விஷயம் அவர் பெயரிலேயே பாடப்புத்தகத்தில் நிற்கிறது. இதில் ஒரு பாடம் இருக்கு. கட்டியில் ஒன்றைப் பார்ப்பது வேறு. அது கட்டியை உண்டாக்கியது என்று நிரூபிப்பது வேறு. இந்த இழை முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றித்தான். மனசில் வச்சுக்குங்க.

8/
சோடா கதை இந்தப் பழைய கருத்தின் பேரப்பிள்ளை. இத்தாலியில் மருத்துவராக இருந்த ஒருவர் இதைப் பிரபலமாக்கினார். கட்டி வெள்ளையா இருக்கு, பூஞ்சையும் வெள்ளையா இருக்கு, ஆகவே கட்டிதான் பூஞ்சை என்பது வாதம். அவருடைய மருத்துவப் பதிவு பறிக்கப்பட்டது. நோயாளி இறந்த வழக்கில் நீதிமன்றம் தண்டனையும் கொடுத்தது. வீடியோவில் இந்தப் பகுதி மட்டும் வராது. சோடாவை நரம்பில் ஏற்றினால் ரத்தத்தின் கார அளவும் சோடியமும் ஏறி, பொட்டாசியம் சரியும். இதயத்துடிப்பு தாறுமாறாகும்.

9/
"ஆனா கேன்சர் பேஷன்ட் வாயில வெள்ளையா பூஞ்சை இருக்கே, என் கண்ணால பார்த்தேனே" என்பீங்க. சரிதான், இருக்கும். கீமோ கொடுக்கும்போது ரத்த வெள்ளணுக்கள் குறையும். காவல்காரர் லீவில் போன வீட்டில் திருடன் நுழைவது போல, வாயில் கேண்டிடா, நுரையீரலில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்று பூஞ்சைகள் புகுந்துவிடும். புற்றுநோய் முன்னால் வந்தது. பூஞ்சை பின்னால் வந்தது. வரிசையை மாற்றிப் படித்தால் கதையே மாறிப்போகும்.

10/
2021 மே மாதம் ஞாபகம் இருக்கா? கொரோனா இரண்டாம் அலை. கறுப்புப் பூஞ்சையை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது. கட்டுப்படாத சர்க்கரை, ஸ்டீராய்டு, எதிர்ப்பு சக்தி சரிந்த உடம்பு. அந்த மூன்றும் கூடிய இடத்தில் பூஞ்சை முகத்தையும் கண்ணையும் அரித்தது. பூஞ்சை எவ்வளவு கொடூரமாகத் திசுவைத் தின்னும் என்று எல்லோரும் பார்த்தோம். ஆனால் அது புற்றுநோயாக மாறியதா? இல்லை. அது வேறு நோய், வேறு சிகிச்சை.

11/
இப்போ நிஜமான சம்பந்தத்துக்கு வருவோம். அது ஆஸ்பத்திரியில் ஆரம்பிக்கவில்லை. ஒரு வான்கோழிப் பண்ணையில் ஆரம்பித்தது. 1960, இங்கிலாந்து. சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்து விழுந்தன. ஈரல் நாசமாகியிருந்தது. எந்தக் கிருமியும் சிக்கவில்லை. பெயர் தெரியாததால் "டர்க்கி எக்ஸ் நோய்" என்று கூப்பிட்டார்கள்.

12/
துப்பறிந்தவர்கள் கடைசியில் தீவனத்துக்கு வந்து நின்றார்கள். செத்த குஞ்சுகள் எல்லாம் தின்றது பிரேசிலிலிருந்து கப்பலில் வந்த கடலைப் புண்ணாக்கு. அதில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை வளர்ந்திருந்தது. பூஞ்சையைவிட அது கக்கி வைத்திருந்த நஞ்சுதான் குற்றவாளி. பூஞ்சையின் பெயரிலிருந்தே நஞ்சுக்கும் பெயர் வைத்தார்கள்: "ஆ", "ஃப்ளா", அதோடு நஞ்சைக் குறிக்கும் "டாக்சின்". அஃப்ளாடாக்சின்.

13/
கோழிகள் செத்ததோடு இது முடிந்திருந்தால் கால்நடை மருத்துவத்தில் ஒரு பக்கமாக நின்றிருக்கும். ஆனால் 1961-இல் அதே புண்ணாக்கை எலிகளுக்கு மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளுக்கு ஈரலில் புற்றுக்கட்டி வந்தது. அதே சமயத்தில் அமெரிக்கப் பண்ணைகளில் வளர்ந்த ட்ரவுட் மீன்களுக்கும் ஈரல் புற்று. அங்கே குற்றவாளி பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு. நஞ்சு அதேதான்.

14/
இங்கே நம்ம ஊர் உள்ளே வருது. நிலக்கடலை தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். வட தமிழ்நாட்டில் இன்னும் "மணிலா", "மல்லாட்டை" என்பாங்க. திருச்சிப் பக்கம் கடலை என்றாலே போதும். துறையூர், மணப்பாறை, புதுக்கோட்டை மானாவாரி நிலங்களில் கடலை. ஒரு காலத்தில் திருச்சி மாவட்டமாகவே இருந்த பெரம்பலூரில் மக்காச்சோளம். உலகத்தில் இந்தப் பூஞ்சைக்கு ரொம்பப் பிடித்த இரண்டு பயிரும் நம்மைச் சுற்றித்தான் விளைகிறது.

15/
இந்தியாவுக்கு இது ஒரு தர்மசங்கடம். சத்துக்குறைவால் குழந்தைகள் வாடிய காலம். மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், கடலை மாவை அடிப்படையாக வைத்து மலிவான புரத உணவு தயாரித்திருந்தது. பாலும் பருப்பும் வாங்க முடியாத வீட்டுக் குழந்தைக்கு அது ஒரு வரம். அந்தக் கடலையிலேயே நஞ்சு இருக்கலாம் என்றால் என்ன செய்வது?

16/
1971-இல் மைசூர் மருத்துவர்களும் அந்த நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சத்துக்குறைவுக்காகக் கடலை மாவு கொடுக்கப்பட்ட குழந்தைகள் சிலருக்கு ஈரல் சுருக்கம் வந்திருந்தது. திரும்பிப் பார்த்தால் அந்த மாவில் அஃப்ளாடாக்சின் கலந்திருந்தது. தெரியாமல் நடந்த தவறு. அதை மறைக்காமல் அவர்களே எழுதினார்கள். அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம்.

17/
அந்தக் காலத்துப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. "குழந்தைக்கு ஈரல் கட்டி" என்றாலே வீடு நடுங்கும். ஒரு வயசு, ரெண்டு வயசுக் குழந்தை, வயிறு வீங்கி, மஞ்சள் பாய்ந்து, மாதங்களில் போய்விடும். தென்னிந்தியாவில் அதற்காகவே ஜம்மி மருந்து வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராச்சு. இந்தக் குழந்தைப்பருவ ஈரல் சுருக்கத்துக்குக் காரணமும் கடலைப் பூஞ்சைதானா என்று பலர் சந்தேகப்பட்டார்கள்.

18/
பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. 1983-இல் புனேயில் இருந்த குழந்தை மருத்துவர்களும் பிரிட்டிஷ் ஆய்வாளர்களும் சேர்ந்து, பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலைச் சுட்டிக்காட்டினார்கள். அந்தக் குழந்தைகளின் ஈரலில் செம்பு குவிந்திருந்தது. பாத்திரத்துக்கு ஈயம் பூச ஆள் தெருவில் கூவி வந்த நாட்கள் ஞாபகம் இருக்கா? பூச்சு தேய்ந்தால் பாலில் செம்பு இறங்கும். எவர்சில்வர் வந்தது, நோயும் மெல்ல மறைந்தது. பூஞ்சை மேல் இருந்த அந்தக் குற்றச்சாட்டு பெரும்பாலும் தள்ளுபடி.

19/
இதை ஏன் சொல்றேன்? பூஞ்சைக்கு எதிரான வழக்கில் எல்லாக் குற்றச்சாட்டும் நிற்கவில்லை. ரஸ்ஸலின் குற்றச்சாட்டு விழுந்தது. குழந்தை ஈரல் வழக்கில் வேறு குற்றவாளி கிடைத்தார். அப்படி ஒவ்வொன்றாகச் சலித்த பிறகும் நின்ற வழக்கு என்பதால்தான் அடுத்து வருவதை நம்பலாம்.

20/
1974 கடைசி மாதங்கள். ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால். மக்காச்சோளம்தான் அங்கே பழங்குடி மக்களின் மூன்று வேளைச் சோறு. அறுவடை நேரத்தில் பருவம் தப்பிய மழை. கதிர் நனைந்தது. காய வைக்க வழியில்லாமல் சேமித்தார்கள். பூஞ்சை பிடித்தது தெரிந்தும் தின்றார்கள். வேறு என்ன இருக்கு தின்ன? ஊர் ஊராக மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர். நாய்களும் அதே நோயில் செத்தன.

21/
ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திலிருந்து கே.ஏ.வி.ஆர். கிருஷ்ணமாச்சாரி குழுவினர் போனார்கள். 397 பேருக்கு நோய். 106 பேர் மரணம். நாய்க்கும் மனிதருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: சோளம். சோதித்ததில் அஃப்ளாடாக்சின் மிக அதிகம். 1975-இல் லான்செட் இதழில் வெளியான அந்த ஆய்வு, இன்றும் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. செத்தவர்கள் அனைவரும் ஏழைகள். நல்ல சோளம் வாங்க முடிந்தவர் யாரும் அந்தக் கணக்கில் இல்லை.

22/
அது ஒரே அடியில் கொல்லும் அளவு. ஆனால் தினம் கொஞ்சம் கொஞ்சமாக, வருஷக்கணக்கில் உள்ளே போனால்? அதற்கு விடை சீனாவில் கிடைத்தது. 1986-இலிருந்து ஷாங்காயில் 18,244 ஆண்களிடம் முன்கூட்டியே சிறுநீரும் ரத்தமும் வாங்கி உறைய வைத்தார்கள். பிறகு யாருக்கு ஈரல் புற்று வருகிறது என்று காத்திருந்தார்கள். வந்தவர்களின் பழைய சிறுநீரை எடுத்து, அதில் அஃப்ளாடாக்சின் தடயம் தேடினார்கள்.

23/
1994-இல் வந்த கணக்கு இது. அஃப்ளாடாக்சின் மட்டும் இருந்தவருக்கு ஈரல் புற்று அபாயம் சுமார் 3 மடங்கு. ஹெபடைட்டிஸ் பி கிருமி மட்டும் இருந்தவருக்கு 7 மடங்கு. இரண்டும் சேர்ந்து இருந்தவருக்கு? 3-ஐயும் 7-ஐயும் கூட்டி 10 என்று நினைப்பீங்க. வந்தது 59 மடங்கு. இந்த எண்ணை மறக்காதீங்க, கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

24/
எப்படி நடக்குது? ஈரல் எந்த விஷம் வந்தாலும் உடைத்து வெளியேற்றப் பார்க்கும். அஃப்ளாடாக்சினை உடைக்கும்போது மட்டும் இன்னும் மோசமான ஒரு வடிவம் உருவாகி, நேராக டி.என்.ஏ-வில் ஒட்டிக்கொள்ளும். பி53 என்று ஒரு மரபணு. செல் கெட்டுப்போனால் நிறுத்தச் சொல்லும் காவல் மரபணு. 1991-இல் இரண்டு குழுக்கள், ஒன்று தென் ஆப்பிரிக்கப் பகுதி நோயாளிகளிடமும் மற்றொன்று சீன நோயாளிகளிடமும், அந்த மரபணுவில் ஒரே இடத்தில், 249-ஆம் குறியில், ஒரே மாதிரி எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்தன.

25/
போலீஸ் பாஷையில் சொன்னால், குற்றம் நடந்த இடத்தில் கைரேகை. ரஸ்ஸல் பார்த்த உருண்டைகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிங்க. விலங்கில் நிரூபணம், மனிதரில் முன்கூட்டியே சேகரித்த சான்று, மரபணுவில் தடயம். மூன்றும் ஒரே ஆளைக் கைகாட்டின. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1987-லேயே அஃப்ளாடாக்சினை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பட்டியலில், சேர்த்துவிட்டது.

26/
நல்ல செய்தியும் உண்டு. சீனாவின் சிடோங் பகுதியில் மக்காச்சோளம்தான் பிரதான உணவு, ஈரல் புற்றும் மிக அதிகம். 1980-களில் சந்தை திறந்ததும் மக்கள் அரிசிக்கு மாறினார்கள். உடம்பில் அஃப்ளாடாக்சின் அளவு சரிந்தது. தடுப்பூசி போட்ட தலைமுறை வளர்வதற்கு முன்பே ஈரல் புற்று மரணங்கள் குறைய ஆரம்பித்தன. சாப்பாட்டை மாற்றினால் புற்றுநோய் குறையும் என்று ஒரு ஊரே காட்டியது.

27/
சரி, இப்போ ஆராய்ச்சி எங்கே போகுது? கடந்த சில வருஷங்களாகக் கேள்வி மறுபடி கட்டிக்குள்ளேயே போயிருக்கு. 2019-இல் நியூயார்க் குழு ஒன்று நேச்சர் இதழில் எழுதியது: கணையப் புற்றுக்கட்டிக்குள் மலசீசியா என்ற பூஞ்சை இருக்கு, அது கட்டியை வளர்க்குது. நம் தலையில் பொடுகோடு தொடர்புடைய அதே வகைப் பூஞ்சை. 2022-இல் 35 வகைப் புற்றுநோய், 17,401 மாதிரிகளைப் பார்த்த பெரிய ஆய்வு, கட்டிகளில் பூஞ்சையின் மரபணுத் தடயம் இருக்கு, ஆனால் மிக மிகக் கொஞ்சம் என்றது.

28/
வீடியோக்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். ஆனால் 2023-இல் வேறு குழுவினர் அந்தக் கணையப் புற்றுத் தரவுகளையே எடுத்து மறுபடி அலசி, அந்த முடிவுக்கு ஆதாரம் தெரியவில்லை என்று அதே நேச்சரில் எழுதினார்கள். கட்டிகளில் இருக்கும் நுண்ணுயிர்கள் பற்றி 2020-இல் வந்த ஒரு புகழ்பெற்ற கட்டுரை, 2024-இல் திரும்பப் பெறப்பட்டது. மனித டி.என்.ஏ-வின் துண்டுகளையே கம்ப்யூட்டர் நுண்ணுயிர் என்று எண்ணியிருந்தது முக்கியமான கோளாறு.

29/
1890-இல் நுண்ணோக்கியில் நம் புரதத்தையே பூஞ்சை என்று நினைத்தோம். 2020-இல் கம்ப்யூட்டரில் நம் டி.என்.ஏ-வையே கிருமி என்று நினைத்தோம். கருவி மாறியது, வழுக்கும் இடம் மாறவில்லை. ஆராய்ச்சி வீண் என்று அர்த்தம் இல்லை. நாளைக்கு நல்ல சான்று வரலாம், பூஞ்சைத் தடயத்தை வைத்துச் சீக்கிரமே நோயைக் கண்டுபிடிக்கும் சோதனைகூட வரலாம். இன்றைய நிலவரம்: கேள்வி திறந்தே இருக்கு. இதை வைத்து யாரும் கீமோவை நிறுத்த முடியாது.

30/
நம்ம ஊருக்கு நெருக்கமான இன்னொரு கேள்வி, வாய். 1968-இல் லண்டன் ஆய்வாளர்கள், வாயில் வரும் சில தடித்த வெள்ளைத் திட்டுகளில் கேண்டிடா பூஞ்சை வேர்விட்டிருப்பதையும், அவற்றில் சில புற்றாக மாறுவதையும் எழுதினார்கள். பூஞ்சை திட்டை உண்டாக்கியதா, திட்டில் குடியேறியதா என்று இன்னும் வாதம் நடக்குது. ஆனால் ஒன்றில் வாதமே இல்லை. புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோய்க் காரணி என்று 2004-இல் அதே முகமை அறிவித்தாச்சு. காவிரிக்கரை கொடிக்கால் வெற்றிலைக்குப் பெயர்போன ஊர் நாம். வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளை, சிவப்புத் திட்டு இரண்டு வாரம் தாண்டி இருந்தால் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டுங்க.

31/
இப்போ நம்ம சமையலறை. தமிழ்நாட்டுக்கும் இதுக்கும் என்ன? 2018-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 368-இல், அதாவது 5.7 சதவீதத்தில், அஃப்ளாடாக்சின் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. மாநில வாரியாகப் பார்த்தால் முதல் இடம் தமிழ்நாடு: 551-இல் 88. மாடு எங்கிருந்து பூஞ்சை நஞ்சை எடுத்தது? புண்ணாக்கு, தீவனம். நாம் தின்ன மறுக்கும் சொத்தைக் கடலை, செக்குக்குப் போய், புண்ணாக்காகி, மாட்டு வழியாகத் திரும்பி டம்ளருக்கு வருது. காய்ச்சினாலும் போகாது.

32/
பயந்து பாலை நிறுத்தாதீங்க. பாலில் வரும் எம்1, கடலையில் இருக்கும் பி1-ஐவிடப் பத்தில் ஒரு பங்குதான் வீரியம் உள்ளதாகக் கணக்கிடுகிறார்கள். குழந்தைக்குப் பால் தரும் நன்மை பெரியது. ஆனால் மாடு வைத்திருப்பவர்கள், "மனுஷன் தின்ன முடியாது, மாட்டுக்குப் போடலாம்" என்ற பழக்கத்தை விடணும். பூசணம் பிடித்த தீவனம் யாருக்கும் ஆகாது.

33/
மரச்செக்கு எண்ணெய் பற்றி நிறையப் பேர் கேட்பீங்க. செக்கில் தப்பில்லை. உள்ளே போகும் கடலையில்தான் விஷயம். நஞ்சில் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும், கொஞ்சம் எண்ணெயில் இறங்கும். ஆலைச் சுத்திகரிப்பில் அது நீங்கும், செக்கில் நீங்காது. ஆகவே செக்குக்காரரிடம் நீங்க கேட்க வேண்டிய முதல் கேள்வி மரமா இரும்பா என்பது இல்லை. பருப்பைப் பொறுக்கித்தான் ஆட்டுறீங்களா என்பது.

34/
வீட்டில் செய்ய வேண்டியது எளிது:
• வறுப்பதோ வேகவைப்பதோ இந்த நஞ்சை முழுசாக அழிக்காது. ஆகவே சமைப்பதற்கு முன்பே பொறுக்கணும்.
• சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பிடித்தது எல்லாம் குப்பைக்கு. நஞ்சு எல்லாக் கடலையிலும் சமமாக இருக்காது, சில பருப்புகளிலேயே குவிந்திருக்கும். பொறுக்கினால் பெரும்பகுதி போயிடும்.
• கசக்கும் கடலையை விழுங்காதீங்க, துப்பிடுங்க.
• மிளகாய் வத்தல், மக்காச்சோளத்துக்கும் இதே விதி.
• இட்லி மாவு புளிப்பது வேறு கதை, பயப்பட வேண்டாம். மேலே நிறம் நிறமாகப் பூசணம் படர்ந்தால் மட்டும் கொட்டிடுங்க.

35/
விவசாயிகளுக்கு: கடைசி மாதத்தில் பயிர் வாடினால் பூஞ்சை மண்ணிலேயே காய்க்குள் நுழையும். முடிந்தால் அப்போது ஒரு தண்ணி. பறித்ததும் நன்றாகக் காய வைத்து, மூட்டையைத் தரையில் போடாமல் கட்டை மேல் அடுக்குங்க. ஐப்பசி அடைமழையில் களத்தில் நனைந்த காயை நல்ல காயோடு கலக்காதீங்க. இந்தியச் சட்டப்படி நேரடியாகத் தின்னும் கடலையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம்தான் வரம்பு. மொத்தச் சுமையும் உங்க தலையில் விழக்கூடாது என்பதும் நியாயம். உலர்களமும் கிடங்கும் கிராமத்துக்கு வரணும். அதுவும் புற்றுநோய்த் தடுப்புதான்.

36/
அந்த 59 மடங்குக்கு வருவோம். சாப்பாட்டில் இருக்கும் நஞ்சை முழுசாக ஒழிப்பது கஷ்டம். ஆனால் அதன் கூட்டாளியை ஒழிக்க ஊசி இருக்கு. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தவணை. 2002-இல் சில இடங்களில் தொடங்கி, 2011 வாக்கில் நாடு முழுக்க அரசுத் திட்டத்தில் வந்தாச்சு. முற்றிலும் இலவசம். "பிறந்த குழந்தைக்கு ஊசி வேண்டாம், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லும் பாட்டிமார்களுக்கு என் வேண்டுகோள்: புற்றுநோயைத் தடுக்கும் ஊசி இது. தள்ளிப் போடாதீங்க.

37/
பெரியவர்களும் வாழ்க்கையில் ஒரு தடவை ஹெபடைட்டிஸ் பி ரத்தப் பரிசோதனை செய்துக்குங்க. இருந்தால் கட்டுப்படுத்த மாத்திரை இருக்கு, தவறாமல் ஸ்கேன் பார்த்துக்கலாம். என்னைப் போன்றவர்களுக்கு ரொம்ப வலிக்கிறது எது தெரியுமா? கட்டி பெரிசான பிறகு, "எனக்கு மஞ்சக்காமாலைக் கிருமி இருந்ததே தெரியாது சார்" என்று ஒரு நாற்பது வயசுக்காரர் சொல்வது.

38/
ஆக, அந்தத் தம்பியின் கேள்விக்கு முழுப் பதில்: சம்பந்தம் இருக்கு தம்பி. உங்க அம்மாவின் கட்டி பூஞ்சை இல்லை, சோடாவுக்குக் கரையாது. சாக்கு மூட்டையில் பூஞ்சை விட்டுப்போகும் நஞ்சு, வருஷக்கணக்கில் ஈரலைத் தேடிப் போகும். அதைத் தடுக்க நம்ம கையில் முறமும் இருக்கு, ஊசியும் இருக்கு.

39/
அந்த அம்மா வியாழக்கிழமை மூணாவது கீமோ போட்டுக்கிட்டாங்க. தம்பி போன் பண்ணிச் சொன்னார். கூடவே ஒன்று சொன்னார்: அந்த வீடியோ அவங்க தெரு குரூப்பில் இன்னும் சுத்திக்கிட்டுதான் இருக்கு, இன்னொரு வீட்டிலும் யாருக்கோ சிகிச்சை நடக்குது. அதனாலதான் ராத்திரி ட்யூட்டி முடிச்சு உட்கார்ந்து எழுதினேன். உங்க குரூப்புக்கும் அந்த வீடியோ வந்திருந்தா, கீழேயே இந்த இழையைப் போட்டு விடுங்க.